மார்கழிக் காற்றும் மோட்டார் சைக்கிளும்

மதுரையில் குளிர் என்று சொன்னால் வெளியூர்க்காரர்கள் சிரிக்கிறார்கள். சித்திரை வெயிலுக்குப் பேர்போன ஊரில் குளிருக்கு என்ன வேலை என்பது அவர்கள் கேள்வி. உள்ளூர்க்காரர்களின் அபிப்பிராயமும் இதற்கு அதிக தூரத்தில் இல்லை. மார்கழி விடியலில் வீட்டுப் பிள்ளை கழுத்தில் மப்ளரைச் சுற்றிக்கொண்டு வண்டியைக் கிளப்பினால், "இது என்ன காச்மீரமா?" என்று தாத்தா கேட்கத் தவறுவதில்லை. கையுறையும் மாட்டிக்கொண்டால் போச்சு. வீடு முழுவதும் பரிகாசந்தான்.

நடந்து போகிறவனைப் பொறுத்த மட்டில் தாத்தாவின் கேள்வி நியாயமானதே. தை மாதத்து விடியற்காலையில் மதுரை நகரின் உஷ்ணம் சாதாரணமாக 20 டிகிரி சென்டிகிரேடை ஒட்டி நிற்கும். வைகைக் கரையில் உலாவி வருகிறவருக்கு அது சுகமான காற்று. ஆனால் மோட்டார் சைக்கிளில் மணிக்கு 60 கிலோ மீட்டர் வேகத்தில் மேலூர்ச் சாலையில் போகிறவரை அதே காற்று செகண்டுக்கு ஏறக்குறைய 17 மீட்டர் வீதம் வந்து அறைகிறது. நம் சருமத்தைச் சுற்றி எப்போதும் மெல்லிய காற்றுப் படலம் ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கிறது. உடம்பின் சூட்டை வாங்கிக்கொண்டு அதுவே நமக்கு ஒரு போர்வையாக உதவுகிறது. வேகக் காற்று இந்தப் போர்வையை ஓயாமல் உரித்துக்கொண்டே போகும். உடம்போ புதிது புதிதாக அதைச் சூடாக்கிக்கொண்டே இருக்க வேண்டும். மார்பைச் சட்டை காக்கிறது. கால்களுக்கு எஞ்சினின் வெப்பம் சற்றுக் கிடைக்கிறது. கைகள் மட்டும் ஹாண்டில்பாரின் இரு கோடிகளிலும், வண்டிக்குக் கட்டியக்காரர்கள் போல, காற்றின் வாயில் நீட்டிக்கொண்டிருக்கின்றன.

இதில் ஈரமும் சேர்ந்துவிட்டால் என்ன ஆகும் என்பதை மார்கழி மாதத்தில் வாசல் தெளித்துக் கோலம் போடும் பெண்மணிகளைக் கேட்டால் தெரியும். நனைந்த விரலைத் தென்றல் தொட்டாலும் சுரீர் என்கிறது. ஒரு கிராம் நீரைப் பனிக்கட்டியின் குளிர்ச்சியிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவர 100 காலரி உஷ்ணம் போதும். அதே ஒரு கிராம் நீர் சருமத்தின் மேல் ஆவியாகப் போவதற்கு 580 காலரிக்குக் குறையாமல் எடுத்துக்கொள்கிறது. இந்தச் செலவு முழுவதும் பெரும்பாலும் நம் கைக் கணக்கில்தான் பற்று எழுதப்படுகிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் நனைந்த கையோடு வண்டி ஓட்டுகிறவன் 24 டிகிரியிலும் விரல் மரத்து வீடு சேர்வதன் இரகசியம் இதுவே.

உடம்பில் இத்தனை அவயவங்கள் இருக்க, விரல்களுக்கு மட்டும் ஏன் இந்தப் பாடு? முதலாவது, விரலுக்குள் சூடு உண்டாக்கும் தசை அநேகமாய் இல்லை. விரலை மடக்குகிற பெரிய தசைகள் முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் நடுவில் இருக்கின்றன. அங்கிருந்து நரம்பு போன்ற உறுதியான நாண்கள் வந்து, பொம்மலாட்டக்காரன் கயிற்றைச் சுண்டுவது போல், விரல்களை ஆட்டி வைக்கின்றன. ஆகவே விரலுக்கு வேண்டிய உஷ்ணம் முழுவதும் இரத்தத்தின் வழியாக வெளியூரிலிருந்து வரவேண்டியதாயிருக்கிறது. இரண்டாவது, இருதயம், நுரையீரல் முதலிய உள் உறுப்புகளின் உஷ்ணம் 37 டிகிரியை விட்டு இறங்கலாகாது என்பது உடம்பின் சட்டம். கஷ்ட காலத்தில் குடும்பத் தலைவர் எந்தச் செலவை முதலில் நிறுத்துகிறார்? வாசல் திண்ணையின் விளக்கையல்லவா அணைக்கிறார்? தேகமும் அப்படியே கோடியிலுள்ள விரல்களின் இரத்தக் குழாய்களைச் சுருக்கி, உஷ்ணத்தை உள்வீட்டுக்குள் பூட்டிக்கொள்கிறது.

தாமஸ் லூயிஸ் என்ற பிரிட்டிஷ் வைத்திய அறிஞர் 1930-இல் ஒரு விநோதத்தை விவரித்து எழுதினார். பனிக்கட்டி நீரில் விரலை அமிழ்த்தி வைத்தால், முதலில் சுருங்கிய குழாய்கள் சில நிமிஷங்கள் கழித்துத் தாமாகத் திறந்து இரத்தத்தை விடுகின்றன, பின் மறுபடியும் மூடிக்கொள்கின்றன, மறுபடியும் திறக்கின்றன. விரல் செத்துப்போகாமல் காக்க இயற்கை செய்திருக்கும் ஏற்பாடு இது. ஆனால் உடம்பு முழுவதும் குளிர்ந்திருந்தால் இந்தத் தர்ம கைங்கரியமும் மந்தமாகிவிடுகிறது. இதை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பரிகாரத்தைப் பற்றிச் சொல்லும்போது இதற்குத் திரும்பி வருவோம்.

விரல் குளிர்ந்தால் வலிக்கும், அவ்வளவுதானே என்று நினைப்பவர்கள் உண்டு. வலிக்கிற வரையில் பாதகமில்லை என்றே நாம் சொல்வோம். கைத் தோலின் உஷ்ணம் சுமார் 15 டிகிரிக்குக் கீழே இறங்கியதும் விரல்களின் லாகவம் குறையத் தொடங்குகிறது. சட்டைப் பொத்தானைப் போடுவது பெரிய காரியமாகிவிடும். 8 டிகிரி அளவில் தொடு உணர்ச்சியே மழுங்கிப்போகிறது. அப்போது வலியும் இராது. பிரேக்கு லீவரை எவ்வளவு அழுத்துகிறோம் என்ற அறிவும் இராது. மோட்டார் சைக்கிளில் முன் சக்கரத்துப் பிரேக்கு வலக்கையில் இருக்கிறது. வண்டியை விரைவாக நிறுத்தும் சக்தியில் பெரும் பங்கு அதனுடையதே. மணிக்கு 60 கிலோ மீட்டர் வேகத்தில் அரைச் செகண்டு தாமதித்தால் வண்டி எட்டு மீட்டருக்கு மேல் போய்விடும். மூடுபனியில் விளக்கில்லாமல் எதிர்ப்படும் மாட்டு வண்டிக்கும் நமக்கும் இடையே அந்த எட்டு மீட்டர்தான் மிச்சமிருக்கிறது என்று வைத்துக்கொண்டால், தாத்தாவின் பரிகாசம் அவ்வளவு ரஸிக்கும்படியாக இராது.

இந்த விஷயத்தில் நம் கவலைக்கு முதல் உரிமை உடையவர்கள் உல்லாசப் பிரயாணிகள் அல்லர். மதுரை மல்லிகை 2013-இல் புவிசார் குறியீடு பெற்றது. அந்த மல்லிகை மொட்டு வெயில் ஏறுமுன் பறிக்கப்பட வேண்டும். பறித்தது வாடுமுன் மாட்டுத்தாவணிப் பூச் சந்தைக்கு வந்து சேர வேண்டும். உசிலம்பட்டிப் பக்கமும், திருமங்கலம் பக்கமும், நிலக்கோட்டைப் பக்கமும் பொழுது புலர்வதற்கு முன்பே பூ மூட்டைகள் வண்டி ஏறுகின்றன. மார்கழி, தை மாதங்களில் பனியால் செடி மொட்டு விடுவது குறைந்து, விலை உச்சிக்கு ஏறுகிறது. பொங்கலையும் தை முகூர்த்தங்களையும் ஒட்டி ஒரு கிலோ பல ஆயிரம் ரூபாய்க்கு விற்ற நாட்கள் உண்டு. ஆகவே குளிர் அதிகமான நாளில்தான் அவசரமும் அதிகம். பால்காரர்களின் கதையும் ஏறக்குறைய இதுவே.

இவர்களில் பலர் ஏறி வருவது மொபெட். 1911-இல் மதுரையில் ஸ்ரீ டி. வி. சுந்தரம் அய்யங்கார் தொடங்கிய ஸ்தாபனத்தின் வழிவந்த குழுமம் 1980-இல் ஓசூரிலிருந்து வெளியிட்ட டி.வி.எஸ். 50-உம் அதன் தம்பிமார்களும் நம் கிராமங்களில் மூட்டை சுமக்கும் வாகனங்களாகவே ஆகிவிட்டன. இந்த மொபெட்டில் கிளட்சு லீவர் கிடையாது. முன் பிரேக்கு ஒரு கையிலும் பின் பிரேக்கு மற்றொரு கையிலும் இருக்கின்றன. மோட்டார் சைக்கிள்காரனுக்கு விரல் விறைத்தாலும் கால் பிரேக்கு ஒன்று கைகொடுக்கும். மொபெட்காரனுக்கு அதுவும் இல்லை. இதை நாம் எத்தனையோ பேரிடம் சொல்லிப் பார்த்திருக்கிறோம், சொன்ன பிறகுதான் "ஆமாம், அப்படித்தான்!" என்று ஆச்சரியப்படுகிறார்கள்.

மதுரை இளைஞர்களுக்கு உண்மையான குளிரின் அறிமுகம் கொடைக்கானல் சாலையில் ஏற்படுகிறது. நகரம் கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கொடைக்கானல் ஏரி 2,100 மீட்டருக்கு மேல். ஆயிரம் மீட்டர் ஏறினால் சராசரி ஆறரை டிகிரி உஷ்ணம் குறையும் என்பது வானிலைக் கணக்கு. ஆக, காலையில் 20 டிகிரியில் பனியன் மேல் ஒரு சட்டையோடு புறப்பட்டவர், சுமார் 120 கிலோ மீட்டர் கடந்து மேலே போனதும் ஏழெட்டு டிகிரியில் நிற்கிறார். வத்தலக்குண்டு வரையில் சங்கடமே தெரியாது. காட்ரோட்டில் மலை தொடங்குகிறது. பண்ணைக்காடு பிரிவு தாண்டியதும் காற்றின் சுபாவம் மாறுகிறது. பெருமாள்மலையை அடைகிற போது பேச்சு குறைகிறது. வெள்ளி அருவியின் திவலை முகத்தில் படும்போது, வண்டியை நிறுத்திப் படம் எடுக்க விரும்பியவருக்குக் கைப்பேசியின் பொத்தான் அகப்படுவதில்லை!

மேலே உள்ள கொடைக்கானல் வான ஆராய்ச்சிக் கூடத்தில் 1909-இல் ஜான் எவர்ஷெட் சூரியப் புள்ளிகளில் வாயுக்கள் வெளிநோக்கிப் பாய்வதைக் கண்டு உலகப் புகழ் பெற்றார். சூரியனை அவ்வளவு நெருக்கமாக ஆராய்ந்த அந்த மலையில், ஜனவரி இரவுகளில் ஏரியை அடுத்த தாழ்ந்த புல்வெளிகளில் உறைபனி வெள்ளையாகப் படிகிறது. சூரியன் அருகில் இருப்பதால் மலையுச்சி சூடாக இருக்க வேண்டும் என்று வாதித்த நண்பர் ஒருவரை இந்த ஒரு காட்சிக்காகவே மார்கழியில் அழைத்துச் செல்லலாம்.

இனிப் பரிகாரம். கை குளிர்ந்தால் கையைத்தானே மூட வேண்டும் என்று தோன்றும். முதலில் மார்பை மூட வேண்டும் என்பது அனுபவஸ்தர்களின் வாக்கு. மேலே சொன்ன உடற்கூற்று நியாயமும் அதுவே. உள்வீடு கதகதப்பாக இருந்தால்தான் திண்ணைக்கு விளக்குக் கிடைக்கும். காற்றுப் புகாத ஒரு மேற்சட்டை, அதற்குள் கம்பளி ஸ்வெட்டர், கழுத்தைச் சுற்றி மப்ளர்: இந்த மூன்றும் விரலுக்குச் செய்யும் உபகாரம் மிகப் பெரிது. மேற்சட்டை இல்லாதவர் பழைய செய்தித்தாளை நாலாக மடித்துச் சட்டைக்குள் மார்பின் மேல் வைத்துக்கொள்ளலாம். பிரான்ஸ் தேசத்து சைக்கிள் பந்தய வீரர்கள் ஆல்ப்ஸ் மலையிலிருந்து இறங்குமுன் இதைத்தான் செய்து வந்தார்கள். பத்திரிகையினால் உலகத்துக்கு என்ன பயன் என்று கேட்கிறவர்களுக்கு நாம் வேறு பதில் சொல்ல வேண்டியதில்லை.

அடுத்தது மணிக்கட்டு. அங்கே இரத்தக் குழாய் தோலுக்கு மிக அருகில் ஓடுகிறது. வைத்தியர் நாடி பார்ப்பதே அங்கேதான். கையுறைக்கும் சட்டைக் கைக்கும் நடுவே இரண்டு அங்குலம் திறந்து கிடந்தால், விரலுக்குப் போகும் இரத்தம் அந்த இடத்திலேயே குளிர்ந்துவிடும். பழைய கம்பளிக் காலுறையின் நுனியை வெட்டி, கட்டை விரலுக்கு ஒரு துவாரம் விட்டு மணிக்கட்டில் போட்டுக்கொண்டால் கையுறை வாங்கிய பணம் வீணாகாது. வீட்டிலுள்ள தாய்மார்கள் பத்து நிமிஷத்தில் தைத்துவிடக்கூடிய வேலை இது.

கையுறை விஷயத்தில் நம்மவர்கள் ஏமாறும் வழிகள் இரண்டு. மதுரைப் பெண்மணிகள் ஸ்கூட்டரில் போகும்போது வெயிலுக்காக முழங்கை வரை நீண்ட பருத்திக் கையுறை அணிகிறார்கள். சித்திரைக்கு அது மிகவும் பொருத்தம். அதையே மார்கழிக்கும் போட்டுக்கொண்டால் காற்று ஊடுருவிப் போகும். பனியில் நனைந்தால் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். குளிருக்கு, உள்ளே மெல்லிய கம்பளியும் வெளியே காற்றை மறிக்கும் தோலும் வேண்டும். கம்பளி சிறிது நனைந்தாலும் உஷ்ணத்தை முற்றிலும் கைவிடுவதில்லை. இரண்டாவது ஏமாற்றம், இறுக்கம். கைக்குச் சிக்கென்று பிடிக்கிற கையுறை கடையில் அழகாக இருக்கும். அது இரத்த ஓட்டத்தை நெருக்குவதோடு, சூடு தங்கும் காற்றுக்கும் இடம் வைப்பதில்லை. ஹாண்டில்பாரைப் பிடிப்பது போல் விரலை மடக்கிப் பார்த்து, நுனியில் சற்று இடம் இருக்கும்படி வாங்க வேண்டும். விரல்களைத் தனித்தனியாகப் பிரிக்காமல் ஒரே பைக்குள் விடும் கையுறையில் விரல்கள் ஒன்றையொன்று சூடாக்கிக்கொள்கின்றன. கூட்டுக் குடும்பத்தின் பலம் இதிலும் தெரிகிறது. ஆனால் கூட்டுக் குடும்பத்தைப் போலவே, அவசர சமயத்தில் தனியாக ஒரு விரல் லீவரை எட்டிப் பிடிக்க முடியாமல் போகலாம். வண்டி ஓட்டுகிறவருக்கு இதை நாம் சிபாரிசு செய்ய மாட்டோம். பின்னால் உட்கார்ந்து வருகிறவர் தாராளமாய் அணியலாம்.

மழை நாளில் மெல்லிய ரப்பர் அல்லது பிளாஸ்டிக் கையுறை ஒன்றை மேலே மாட்டிக்கொள்வது நல்லது. நீண்ட நேரம் போட்டிருந்தால் உள்ளே வேர்வை தேங்கும். நிற்கும் இடத்தில் கழற்றி உதறிவிட வேண்டும்.

இவை யாவற்றையும்விட மலிவானதும் பலன் மிகுந்ததுமான ஒரு சாதனம் உண்டு. டில்லி, லக்ஷ்மணபுரி முதலிய வட நாட்டு நகரங்களில் தை மாதத்து மூடுபனியில் ஹாண்டில்பாரின் இரு முனையிலும் பெரிய உறைகளைக் கட்டியிருப்பதைக் காணலாம். லீவர், கைப்பிடி எல்லாம் உறைக்குள் அடங்கிவிடும். கையை உள்ளே நுழைத்து ஓட்டுகிறார்கள். பார்ப்பதற்கு வண்டிக்கு யானைக் காது முளைத்தது போலிருக்கும். காற்று கையில் படுவதே இல்லை. ஆகவே உள்ளே மெல்லிய கையுறை போதும், விரலின் லாகவமும் குறையாது. ரெக்ஸின் துணியும் பழைய கம்பளித் துண்டும் இருந்தால், வண்டி ஸீட்டுக்கு உறை தைக்கும் எந்தக் கடைக்காரரும் இதைத் தைத்துக் கொடுத்துவிடுவார். உறை தளர்ந்து லீவரின் மேல் சாயாமலும், கையைச் சட்டென்று வெளியே எடுக்கக் கூடியதாகவும் இருக்கிறதா என்று நிற்கும் வண்டியில் பலமுறை பழகிப் பார்த்துக்கொள்ள வேண்டும். நம் பூக்காரர்களும் பால்காரர்களும் இதை ஏன் கைக்கொள்ளலாகாது? அழகு குறைகிறது என்பதே ஆட்சேபமானால், மல்லிகை மூட்டைக்கு நடுவே அந்தக் குறை யார் கண்ணில் படப்போகிறது?

லீவர்கள் உலோகமானவை, குளிர்ந்த உலோகம் கையின் சூட்டை உறிஞ்சும். பழைய சைக்கிள் டியூபைப் பட்டையாக வெட்டி லீவரில் சுற்றிவிட்டால் அந்தத் தொல்லை தீர்ந்தது. மின்சாரத்தால் சூடாகும் கைப்பிடிகளும் இப்போது விற்பனைக்கு வருகின்றன. இரண்டு கைப்பிடியும் சேர்ந்து 30 முதல் 50 வாட் வரை இழுக்கும். பெரிய மோட்டார் சைக்கிளுக்கு இது பாரமில்லை. மொபெட்டின் சிறிய மின் உற்பத்திக்குத் தாங்காது.

செய்யத் தகாதவை சில. விறைத்த கையைச் சைலன்ஸரின் மேல் வைத்துக் காய்ச்சுகிறவர்கள் இருக்கிறார்கள். உணர்ச்சியற்ற விரலுக்குச் சுடுவது தெரியாது. தோல் வெந்த பிறகே தெரியும். அக்குளில் கையை வைத்துக்கொள்வதும், டீக் கடையில் சூடான தம்ளரை இரு கையாலும் பற்றிக்கொள்வதும், கையை முழு வட்டமாகச் சுழற்றி இரத்தத்தை விரல் நுனிக்குத் தள்ளுவதும் உத்தமமான முறைகள். பீடி சிகரெட்டினால் குளிர் தணியும் என்பது வீண் பிரமை. புகையிலையின் விஷம் விரல்களின் இரத்தக் குழாய்களை மேலும் சுருக்குகிறது. மது சூடேற்றும் என்பது அதனினும் பெரிய பிரமை. அது தோலின் குழாய்களை விரித்து உள்ளிருக்கும் உஷ்ணத்தை வெளியே ஓடவிடுகிறது. புத்தியையும் கூடவே அனுப்பிவிடுகிறது.

சிலருக்கு இலேசான குளிரிலேயே விரல்கள் சுண்ணாம்பு போல் வெளுத்து, பின் நீலம் பாரித்து, பின் சிவக்கும். மோரிஸ் ரேனோ என்ற பிரெஞ்சு வைத்தியர் 1862-இல் இதை விவரித்தார். இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது. ஓயாத அதிர்ச்சியாலும் இத்தகைய நிலை ஏற்படக்கூடும் என்பதை 1918-இல் ஆலிஸ் ஹாமில்டன் என்ற அமெரிக்கப் பெண் டாக்டர் சுண்ணாம்புக் கல் வெட்டும் தொழிலாளரிடம் ஆராய்ந்து காட்டினார். நீண்ட காலமாகச் சர்க்கரை வியாதியுள்ளவர்களுக்குக் கையில் உணர்ச்சி முன்பே குறைந்திருக்கலாம். இவர்கள் குளிர்காலத்தில் வண்டி ஓட்டுவதைப் பற்றி வைத்தியரைக் கலந்துகொள்வது அவசியம்.

கம்பளி என்றால் நமக்கு லூதியானாவும் காச்மீரமும்தான் ஞாபகத்துக்கு வருகின்றன. கொடைக்கானலிலிருந்து மேற்கே மன்னவனூரில் மத்திய அரசாங்கத்தின் செம்மறியாட்டு ஆராய்ச்சி நிலையம் 1965 முதல் நடந்து வருகிறது. பாரத் மெரினோ என்ற மெல்லிய ரோமமுடைய ஆடுகளை அங்கே வளர்க்கிறார்கள். திண்டுக்கல்லிலோ தோல் பதனிடும் தொழில் நெடுநாளாக நிலைபெற்றிருக்கிறது. உள்ளே கம்பளி, வெளியே தோல் என்று நாம் சொன்னோமே, இரண்டும் மதுரையிலிருந்து ஒரு நாள் பிரயாணத்துக்குள் இருக்கின்றன! சீமைப் பெயர் பொறித்த கையுறைக்காக அலைகிற இளைஞர்களுக்கு இது தெரிந்தால் தேவலை. 1921 செப்டம்பர் 22-ஆம் தேதி மதுரை மேலமாசி வீதியில்தான் காந்தியடிகள் மேலாடையைத் துறந்து அரை வேட்டியைத் தரித்தார். அந்த மகானே 1931-இல் வட்டமேஜை மகாநாட்டுக்காக லண்டன் சென்றபோது சால்வையை நன்றாக இழுத்துப் போர்த்திக்கொண்டார். குளிருக்குப் போர்த்துவதில் எளிமைக்குக் குறைவொன்றும் இல்லை.

சென்னைத் திருவொற்றியூரின் புழுக்கத்தில் 1955 முதல் உருவாகத் தொடங்கிய புல்லட் வண்டிகள் இமயத்தின் எல்லைக் காவலுக்குப் போயின. இன்று நம் பிள்ளைகள் அதே பெயருடைய வண்டிகளில் லடாக்கின் கர்துங் லா கணவாயை, 5,300 மீட்டர் உயரத்தை, எட்டிவிட்டு வருகிறார்கள். அங்கே கைகளைக் காக்கத் தவறுகிறவர் விரலையே பறிகொடுக்க நேரும். அவ்வளவு தூரம் போக நினைப்பவர் கொடைக்கானல் சாலையில் ஒரு மார்கழிக் காலை ஒத்திகை பார்ப்பது நலம்.

ஒத்திகையில் ஒரு விஷயம்: கையுறையைக் கை குளிர்ந்த பிறகு மாட்டுவதில் பயன் குறைவு, ஏனெனில் கையுறை தானாகச் சூட்டை உண்டாக்குவதில்லை, இருக்கிற சூட்டைத்தான் காக்கிறது. வத்தலக்குண்டில் டீ குடித்துக் கை வெதுவெதுப்பாக இருக்கும்போதே மாட்டிக்கொண்டு மலை ஏற வேண்டும். இறங்கும்போது இன்னும் ஜாக்கிரதை வேண்டும். எஞ்சின் அவ்வளவாய்ச் சூடேறாது. பிரேக்கின் மேலேயே கை இருக்கும். ஊத்து வந்ததும் ஒரு முறை நிறுத்தி, விரல்களை ஒவ்வொன்றாகக் கட்டை விரலோடு சேர்த்துப் பார்க்கவேண்டும். சுண்டு விரல் எட்டவில்லையானால் கால் மணி நேரம் இருந்து போகலாம். அங்கேயும் டீக் கடை இருக்கிறது.